கணவர் பெயர், தொழில், ஊர்

ஜூன் 8, ஞாயிறு

வீடு காட்டக் கூட்டிப்போக ஏழரைக்கு வேன் வரும் என்றார்கள், எட்டே காலுக்கு வந்தது. இலவச வேன், இலவச இட்லி, கூடவே ஒரு கீசெயின். இத்தனை கொடுப்பவர்கள் எதையோ எடுக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். 'கொஞ்சம்கூட வலிக்காது' என்று சிரித்துக்கொண்டே ஊசியை இறக்குகிறவள் நான்.

இடத்தின் பெயர் பொன்னி லேக் கார்டன்ஸ். மதுரை ரோட்டில் மணிகண்டம் தாண்டி, உள்ளே இரண்டு கிலோமீட்டர். பொன்னி அங்கிருந்து எங்கோ தள்ளி ஓடுகிறாள். லேக்கில் ஆடு மேய்கிறது. கார்டன் என்பது மூங்கில் கூண்டுக்குள் நிற்கும் பத்துப் பதினைந்து வேப்பங்கன்று. மொத்தம் நூற்றிருபது வீடு வரப்போகிறதாம். கட்டி முடித்தது நாற்பது, ஆள் குடியிருப்பது பதினொன்று.

ஆனால் முப்பத்துநாலாம் நம்பர் வீடு நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு படுக்கையறை, பின்னால் துணி துவைக்க இடம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் காற்று. என் மகள் நிரஞ்சனா சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேனுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டதற்கு, "சும்மா இரும்மா, எப்படி இருக்குன்னு பாத்துட்டு வர்றேன்" என்றாள். பதினாறு வயதாகிறது. இதுவரை அவளுக்கென்று ஒரு கதவு கிடையாது.

ரெஜினா டீச்சர் செப்டம்பருக்குள் மாடியைக் காலி செய்து தரச் சொல்லியிருக்கிறார். அவர் மகன் குடும்பத்தோடு நாசிக்கிலிருந்து மாற்றலாகி வருகிறான். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஏழு வருஷத்தில் ஆணி அடித்ததற்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாதவர். இன்னொரு வாடகை வீடா, சொந்த வீடா என்பதுதான் இனி கேள்வி.

கிளம்பும்போது சேல்ஸ் மேனேஜர் லோகநாதன் ஒரு நோட்டை நீட்டினார். பெயர், வேலை, போன் நம்பர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் கணவர் பெயர், தொழில், ஊர். ப. இளஞ்செழியன், பி.இ., பொறியாளர், தோஹா என்று எழுதினேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

இளஞ்செழியன் தோஹாவில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்புவரை இருந்தார். பிறகு ஊர் திரும்பினார். எங்களிடம் வரவில்லை, கோயம்புத்தூர் போனார். அங்கே அவருக்கு வேறு குடும்பம். பிப்ரவரியில் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. அந்தக் காகிதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. இது எனக்கும் நிரஞ்சனாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மற்றபடி யார் கேட்டாலும் தோஹாதான். அவளிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பொய் என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதானே. தேதி முடிந்துபோன உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெஜினா டீச்சருக்கும் தெரியாது. மார்ச்சில் கோர்ட் சம்பந்தமாக ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். டீச்சர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் கவரைக் கவிழ்த்துப் பிடித்தபடி கொடுத்தார். நல்ல வேளை, அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு 'சார் எப்ப வர்றார்' என்று அவர் கேட்பதும் நின்றுவிட்டது. வயதாகிறது, மறதி.

ஜூன் 10, செவ்வாய்

லேபில் இன்று கூட்டமில்லை. ரிப்போர்ட் பேப்பர் ஒன்றின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் எழுதினேன்.

கெட்டதுதான் மளமளவென்று வந்தது. வேலைக்குப் போக ஸ்கூட்டரில் அரைமணி நேரம். பஸ் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவில் கடவுள் துணை. போர் தண்ணீர், அதுவும் உப்பு. திருச்சியில் பிறந்தவள் காவிரித் தண்ணீர் இல்லாமல் குளிப்பதா? தெருவிளக்கு கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும். நிரஞ்சனாவின் டியூஷன் சென்டர் ஊருக்குள் இருக்கிறது.

நல்லது பக்கம் முதலில் 'கதவு' என்று எழுதினேன். பிறகு 'காற்று'. பிறகு 'இனி யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள்'. அப்புறம் வெகுநேரம் யோசித்து 'அங்கே நம்மை யாருக்கும் தெரியாது' என்று எழுதினேன். கொஞ்சம் கழித்து அதையே கெட்டது பக்கமும் எழுதிவைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

லோகநாதன் நாலாவது தடவை போன். ஆடி பிறந்துவிட்டால் யாரும் அட்வான்ஸ் போடமாட்டார்கள், ஆவணியில் ஆள் அலைமோதும், அதனால் ஆனிக்குள் முடித்துவிடுவது எனக்கு நல்லதாம். எனக்கு எது நல்லது என்பதில் அவருக்கு இருக்கும் அக்கறை என் கூடப் பிறந்தவர்களுக்கு இருந்ததில்லை.

ஜூன் 16, திங்கள்

நிரஞ்சனா ப்ளஸ் ஒன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினாள். அப்பா தொழில், அப்பா போன் நம்பர் என்ற இடங்களில் சின்னதாக ஒரு கோடு இழுத்திருந்தாள். பாவம், கத்தார் நம்பர் மாதிரி ஏதாவது எழுதவேண்டுமே என்று விட்டிருப்பாள். ஸ்கூலில் யாரும் கேட்க மாட்டார்களா என்றேன். அவள் பேனாவை மூடிக்கொண்டே, "யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றாள். நல்ல ஸ்கூல்தான்.

ஜூன் 22, ஞாயிறு

வேனும் இட்லியும் இல்லாமல் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானே ஸ்கூட்டரில் போனேன். நோயாளி வந்தவுடன் எடுத்த பிபியை எந்த டாக்டரும் நம்பமாட்டார். கொஞ்சம் உட்காரவைத்து இன்னொரு தடவை பார்க்கவேண்டும்.

முப்பத்தாறாம் நம்பர் வாசலில் ஒரு பெண் தையல் மிஷினை வெளியே இழுத்துப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜமீலா, முப்பத்தைந்து வயதிருக்கும், வந்து எட்டு மாதமாகிறது. உட்காரவைத்து டீ கொடுத்தாள். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னாள். பாம்பு இரண்டு தடவை வந்திருக்கிறது. மழை பெய்தால் மெயின் ரோடு வரை சேறு. உப்புத் தண்ணீரில் முடி கொட்டுகிறது, ஆனால் அது தன் மாமியார் வீட்டிலும் கொட்டியது என்றாள். பதினொரு வீட்டிலும் ஒருத்தருக்கு ஒன்று என்றால் மற்ற பத்து வீடும் வந்து நிற்கும், அது மட்டும் நிச்சயம் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வீட்டையும் அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

அப்போதுதான் கேட்டாள். "சார் எங்கக்கா இருக்கார்?"

தோஹா என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்லயும் தோஹாதானக்கா! கம்பெனி பஸ் ஓட்டுறாரு. சார் எந்தப் பக்கம்?"

கத்தாரில் எனக்குத் தெரிந்தது இரண்டே பெயர். ஒன்று தோஹா, இன்னொன்று அவர் பழைய பார்சல்களில் எழுதியிருந்த இண்டஸ்ட்ரியல் ஏரியா. அதைச் சொல்லிவைத்தேன். அவரும் அங்கேதான் தங்கியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை லீவு, கண்டிப்பாகப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன், நம்மூர் ஆளைப் பார்த்தால் சாருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றாள். மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்து, கெட்டது பக்கம் 'பாம்பு' என்றும், அதற்குக் கீழே 'ஜமீலாவின் கணவர்' என்றும் எழுதினேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று தோஹாவில் லீவு.

ஜூன் 28, சனி

ஜமீலா போன் செய்தாள். அவர் நேற்று தேடிப் போனாராம், தெரு நம்பர் தெரியாததால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். கம்பெனிப் பெயர் கேட்டாள். லேபில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைச் சாக்காக வைத்துப் போனை வைத்தேன். அந்தக் குழந்தைக்கு ஊசி குத்தியதும் நான்தான்.

ஜூலை 1, செவ்வாய்

பொன்னி லேக் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நூற்றிருபது வீடும் எனக்கு வேண்டாம். புரோக்கரோடு போய் புத்தூரில் ஒரு வாடகை மாடி பார்த்தேன். வீட்டுக்காரர் நல்ல மாதிரி. எத்தனை பேர், சைவமா அசைவமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சார் என்ன செய்கிறார் என்றார். தோஹா என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றார். அக்ரிமென்ட் சார் பெயரிலேயே போட்டுவிடலாம், அடுத்து லீவில் வரும்போது கையெழுத்துப் போடட்டும், அதுவரை போனில் ஒரு வார்த்தை பேசவைத்தால் போதும் என்றார்.

நடந்தே வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கோர்ட்டுக்குப் போய், வக்கீலிடம் அலைந்து, லீவு போட்டு லீவு போட்டு இறக்கிவைத்த மனுஷனை, ஒவ்வொரு வாசலிலும் நானே மறுபடி தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

மறுபடி வெள்ளி. போனை ஆஃப் செய்துவைத்தேன்.

ஜூலை 9, புதன்

வாங்குவது என்று முடிவு. பாங்க்கில் என் சம்பளத்துக்கே லோன் தருகிறார்கள், என் பெயர் மட்டும் போதும் என்றார்கள். ஜமீலாவைச் சமாளிக்க ஒரு வழி தோன்றியது. இளஞ்செழியனை சவுதிக்கு மாற்றிவிடலாம். அங்கே அவளுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதை நிரஞ்சனாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கணக்கு நோட்டைப் பார்த்தபடியே, "அங்கயும் இதேதானாம்மா?" என்றாள். சாப்பிடாமல் தூங்கிவிட்டாள். பரீட்சை பயமாக இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

ஆடிக்கு முன் அட்வான்ஸ் கொடுத்து, அன்றைக்கே வீட்டில் பாலும் காய்ச்சிவிட்டால் பிறகு சாமான் கொண்டுவர மாதம் பார்க்கவேண்டாம் என்று லோகநாதன் சொல்லியிருந்தார். பால், சர்க்கரை, குத்துவிளக்கு, ஒரு சின்னப் பித்தளைப் பானை எடுத்துக்கொண்டு நானும் நிரஞ்சனாவும் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நுழைவாயில் வளைவில் பத்தடி அகலத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. 'பொன்னி லேக் கார்டன்ஸ் குடும்பத்தில் இணையும் திரு. ப. இளஞ்செழியன் பி.இ. (தோஹா), திருமதி மலர்க்கொடி இளஞ்செழியன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' அவர் பெயர் ஆளுயரத்தில் இருந்தது. என் பெயர் முழங்கால் உயரம். வாட்ஸாப்பில் நான் வைத்திருக்கும் படத்தைப் பூங்கொத்துகளுக்கு நடுவே போட்டிருந்தார்கள். அவர் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த வட்டத்துக்குள் ஒரு விமானத்தைப் போட்டிருந்தார்கள்.

நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து நிரஞ்சனா, "அப்பா நல்லா இருக்காரும்மா" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முப்பத்துநாலில் சின்னக் கூட்டமே இருந்தது. லோகநாதன் மாலையும் தாம்பாளமுமாக நின்றார். ஜமீலா வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பெண்கள். விளக்கேற்றினேன். ஸ்டவ்வில் பால் பானையை வைத்தேன். லோகநாதன் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மேடம், சாருக்கு ஒரு வீடியோ கால் போடுங்க. பால் பொங்குறத அவரும் பாக்கட்டும்."

ஜமீலாவும் தன் போனோடு வந்தாள். அவள் வீட்டுக்காரர் லைனில் இருக்கிறாராம், சாரைக் காட்டினால் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வாராம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் நிரஞ்சனாவைப் பார்த்தேன். அவள் அந்தச் சின்ன அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கதவில் ஒரு கை வைத்து. கதவு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அந்தக் கதவுக்குப் பின்னாலும் தோஹாவைக் காப்பாற்றிக்கொண்டு உட்காரப்போகிறாளா என்று தோன்றியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அவர் தோஹால இல்லைங்க. எனக்கு விவாகரத்து ஆயிடுச்சு. பிப்ரவரிலயே ஆயிடுச்சு. இந்த வீடு எனக்கும் எம் பொண்ணுக்கும்தான்."

 பாலைப் பார்க்க ஆளில்லாமல் அதுவே பொங்கி ஸ்டவ்வெல்லாம் வழிந்தது. முதலில் வாயைத் திறந்தது லோகநாதன்தான்.

"அப்ப ஒரு கையெழுத்து மிச்சம் மேடம்" என்றார். "வெளிநாட்டுக்காரங்கன்னா பவர் எழுதி, எம்பஸி சீல் வாங்கி, ஒரு மாசம் இழுத்துடும். நான் அதை நெனச்சுத்தான் தூங்காம இருந்தேன்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கிண்டலில்லை, நிஜமாகவே.

ஜமீலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். அவள் அதில், "தேட வேணாங்க, விடுங்க" என்று சொல்லி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? மூணு வெள்ளிக்கிழமையா அந்த மனுஷன் சாப்பிடாம கொள்ளாம ஒவ்வொரு கேம்ப்பா ஏறி எறங்கிட்டிருக்கார். திருச்சி இன்ஜினியரைக் காணோம்னு ஜமாத் ஆளுங்க கிட்டகூடச் சொல்லி வச்சிருக்கார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜமீலாவும் சிரித்தாள். தோஹாவில் யாரோ முகம் தெரியாத ஒருவர், என் பொய்யை நம்பி, வெயிலில் தெருத் தெருவாக அலைந்திருக்கிறார். மூன்று வருஷத்தில் இளஞ்செழியனை அவ்வளவு அக்கறையாக நான்கூடத் தேடியதில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. யாரோ ஒரு பெண் மிச்சமிருந்த பாலை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். நிரஞ்சனா இரண்டு டம்ளர் குடித்தாள். அவளுக்குப் பால் பிடிக்காது.

பேனரை மாற்றி அடித்துத் தருகிறேன் என்றார் லோகநாதன். புதிதாக வேண்டாம், அதை அவிழ்த்து என்னிடம் கொடுங்கள் என்றேன். தடித்த ஃப்ளெக்ஸ், எதற்காவது உதவும்.

ஜூலை 14, திங்கள்

டீச்சரிடம் நானே கீழே போய்ச் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும் மலர்."

எப்படி டீச்சர், அன்றைக்குத் தபால் கொடுத்தபோது நீங்கள் கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லையே என்றேன்.

"வாங்கும்போது போட்டிருந்தேன். உங்கிட்ட குடுக்கும்போது கழட்டி வச்சிட்டேன்" என்றார். பிறகு பாதிக் கீரையை எடுத்து எனக்குக் கொடுத்தார்.

மாடிக்கு வந்து நிரஞ்சனாவிடம் கேட்டேன். ஸ்கூலிலும் எல்லாருக்கும் ஒரு வருஷமாகத் தெரியுமாம். கிளாஸ் டீச்சரிடம் அவளே சொல்லிவிட்டாளாம். பின் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "நீ கஷ்டப்பட்டு மறைச்சிட்டிருந்தியேம்மா" என்றாள். ஆக, எனக்கே தெரியாமல் எல்லாரும் என் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்று மத்தியானம் லேபில் உட்கார்ந்தபடியே பத்து நிமிஷம் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று.

பட்டியலில் 'ஜமீலாவின் கணவர்' என்பதை அடித்து, நல்லது பக்கம் எழுதினேன். பாம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பத்திரப்பதிவு முடிந்தது. பத்திரம் எழுதுபவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கணவர் பெயரா தகப்பனார் பெயரா என்று கேட்டார். தகப்பனார் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, தட்டச்சு செய்தார். 'செல்லத்துரை மகள் மலர்க்கொடி' என்று ஒவ்வொரு பக்கத்திலும் வந்தது. அப்பா போய்ப் பதினோரு வருஷம். நான் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டேன், அவசரப்படாமல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புரட்டாசி பிறப்பதற்குள் வந்துவிட்டோம். வாடகைக்குப் பேசிய குட்டி யானை வண்டியில் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டி. ஏற்றி முடித்தபோது வானம் கறுத்துவிட்டது. மூட ஏதாவது இருக்கிறதா என்றார் டிரைவர். பேனரை எடுத்துக் கொடுத்தேன். நானும் டீச்சரும் கட்டிப்பிடித்து அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் கயிறு கட்டி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஸ்கூட்டரில் பின்னால் போனபோதுதான் பார்த்தேன். எழுத்து இருக்கும் பக்கத்தை வெளியே வைத்துக் கட்டியிருந்தார். மேலப்புதூர், ரயில்வே ஜங்ஷன், மன்னார்புரம் ரவுண்டானா என்று திருச்சி முழுக்க எனக்கு முன்னால் திரு. ப. இளஞ்செழியன் பி.இ. போய்க்கொண்டிருந்தார், விமானத்தோடு. சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் படித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் பேனரையும் பார்த்தார், திரும்பி என் முகத்தையும் பார்த்தார்.

பஞ்சப்பூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நிரஞ்சனா என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்தச் சொல்லி, திருப்பிக் கட்டச் சொல்லவாம்மா?"

நான் யோசித்துப் பார்த்தேன். உள்ளே எங்கேயாவது வலிக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பதுபோல அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். வலிக்கவில்லை.

"வேணாம், போகட்டும்" என்றேன். "மெஷின் நனையாம இருந்தா போதும்."

வீடு வந்து சேர்ந்தபோது ஜமீலா குடையோடு வாசலில் நின்றாள். மெயின் ரோட்டிலிருந்து முழங்கால் வரை சேறு, அவள் சொன்னபடியே. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துப் பேனரை அவிழ்த்து, உதறி, பின்பக்கக் கொடியில் காயப்போட்டோம். வாஷிங் மெஷினில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நிரஞ்சனா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.